லேபிளில் சிறிய எழுத்தில் ஒரு பெயர்: பிக் பேண்ட் காலப் பாடகி ஒருவரின் பதிவுகளைத் தேடித் தொகுக்க ஒரு வழிகாட்டி

நியூ ஜெர்சியில் ஒரு வீட்டு வாசலில் பழைய பொருட்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே 2 டாலருக்குக் கொலம்பியா நிறுவனத்தின் பழைய இசைத்தட்டு ஒன்று வாங்கினேன். லேபிளில் பெரிய எழுத்தில் ஹாரி ஜேம்ஸ் இசைக்குழுவின் பெயர். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் படிக்க முடியும் என்ற அளவில் இன்னொரு பெயர்: ஹெலன் ஃபாரஸ்ட். தட்டைச் சுழலவிட்டதும், அந்தச் சிறிய எழுத்துக்குரியவர்தான் பாட்டை முழுதாகத் தாங்குகிறார் என்பது புரிந்தது. இவர் பாடிய எல்லாவற்றையும் தேதி வரிசையில் கேட்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முடிக்க 14 மாதங்கள் ஆயின. அவற்றில் 5 மாதங்கள் தவறான இடங்களில் தேடியதில் வீணாகின. இதைப் படித்துவிட்டுத் தொடங்கினால், மாலை நேரங்களில் மட்டும் உழைத்தாலும் இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் பட்டியல் தயாராகிவிடும். நான் ஹெலன் ஃபாரஸ்டை வைத்தே சொல்கிறேன். பெரிய ஜாஸ் இசைக்குழுக்கள் கோலோச்சிய அந்த பிக் பேண்ட் காலத்தின் (1930-40-கள்) வேறு எந்தக் குழுப் பாடகருக்கும் இதே வழி பொருந்தும்.

தொடங்குவதற்குத் தேவையான அளவு மட்டும் அவரைப் பற்றி: பிறப்பு 1917 ஏப்ரல் 12, அட்லாண்டிக் சிட்டி. இறப்பு 1999 ஜூலை 11, லாஸ் ஏஞ்சலஸ். ஆர்ட்டி ஷா, பென்னி குட்மன், ஹாரி ஜேம்ஸ் என்ற மூன்று பெரிய குழுத்தலைவர்களிடமும் அடுத்தடுத்துப் பாடியவர். அப்படியிருந்தும் அந்த மூவரின் பெயர் தெரிந்த பலருக்கு இவர் பெயர் தெரிவதில்லை.

1. முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

இவரது இயற்பெயர் ஹெலன் ஃபோகல். இளம் வயதில் வானொலியில் பாடியபோது வேறு புனைபெயர்களும் இருந்தன. தந்தை சீக்கிரமே இறந்து தாய் மறுமணம் செய்துகொண்டதால், அரசு ஆவணங்களில் குடும்பப் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு தாளில் எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தேடுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, அந்தக் காலத்தில் ஹெலன்கள் அதிகம். குட்மனிடம் 1930-களின் நடுவில் பாடியவர் ஹெலன் வார்ட். ஜிம்மி டார்சியிடம் பாடியவர் ஹெலன் ஓகானல். கவுன்ட் பேசியிடம் ஹெலன் ஹ்யூம்ஸ். குட்மனின் பாடல் ஒன்றில் 'ஹெலன்' என்று மட்டும் போட்டிருந்தால் ஆண்டைப் பாருங்கள்: 1934 முதல் 36 வரை என்றால் பெரும்பாலும் வார்ட், 1939 டிசம்பர் முதல் 1941 ஆகஸ்ட் வரை என்றால் ஃபாரஸ்ட். என் முதல் பட்டியலில் நான்கு வார்ட் பாடல்களைச் சேர்த்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து அழித்தேன்.

இரண்டாவது, எழுத்துப்பிழை. ஆங்கிலத்தில் இவருடைய பெயரில் 'ஆர்' இரண்டு முறை வரும். பழைய செய்தித்தாள்களில் பல இடங்களில் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு விதமாகவும் தேடாவிட்டால் நிறையச் செய்திகள் கண்ணில் படாமல் போகும்.

2. பாடகியைத் தேடாதீர்கள், குழுத்தலைவரைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். என் 5 மாதங்களும் இங்கேதான் போயின.

அன்று பாட்டுக்காரர் குழுவில் வாரச் சம்பளம் வாங்கும் ஒருவர், அவ்வளவுதான். தட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் பெயரும் பங்கும் தலைவருக்கு. தட்டு நிறுவனத்தின் பேரேட்டிலும் கடைக்காரரின் பட்டியலிலும் நூலக அட்டையிலும் தலைவரின் பெயரே முதலில் பதிவானது. 'ஹெலன் ஃபாரஸ்ட்' என்று தேடினால் பின்னாளில் வெளியான தொகுப்புகள்தான் முன்னால் வந்து நிற்கும்.

எனவே காலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஷாவிடம் 1938 இலையுதிர் காலம் முதல் 1939 நவம்பர் வரை. அந்த நவம்பரில் ஷா குழுவை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த மாதமே இவர் குட்மனிடம் சேர்ந்தார், 1941 ஆகஸ்ட் வரை இருந்தார். அதன்பின் 1943 இறுதிவரை ஹாரி ஜேம்ஸ். ஷா பதிவுகள் புளூபேர்ட் லேபிளில் இருக்கும். அது விக்டர் நிறுவனத்தின் மலிவு விலைத் தட்டு, 35 சென்ட். குட்மனும் ஜேம்ஸும் கொலம்பியாவில். தனியாகப் பாடியவையும் பாடகர் டிக் ஹேம்ஸுடன் சேர்ந்து பாடியவையும் டெக்கா நிறுவனத்தில்.

இந்த வரிசைக்கு வெளியேயும் சில உண்டு. 1940 கோடையில் குட்மன் முதுகு நோவுக்காக அறுவை சிகிச்சைக்குப் போனதால் குழு கலைந்திருந்தது. அந்த ஆண்டில் லயனல் ஹாம்ப்டன் குழுவுடன், நாட் கிங் கோலின் மூவர் குழு வாசிக்க, இவர் பாடிய பதிவுகள் விக்டரில் இருக்கின்றன. தலைவர்களின் பட்டியலோடு நிறுத்தியிருந்தால் இவை எனக்குக் கிடைத்திருக்காது. குழு ஓய்வெடுத்த மாதங்கள் எவை என்று பார்த்து, அந்த இடைவெளிகளைத் தனியாகத் தோண்டுங்கள்.

3. மேட்ரிக்ஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு எண்கள் உண்டு. லேபிளில் அச்சாகியிருப்பது விற்பனை எண். எடுத்துக்காட்டாக, எனக்குக் கிடைத்த அந்த முதல் தட்டு கொலம்பியா 36668. இன்னொன்று மேட்ரிக்ஸ் எண். பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் வழவழப்பான வளையத்தில் அது பதிந்திருக்கும். விற்பனை எண் மறுவெளியீட்டில் மாறும், மேட்ரிக்ஸ் எண் மாறாது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, சான்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுகளின் தரவுத்தளத்துக்குப் போங்கள். கட்டணம் இல்லை. விக்டர், கொலம்பியா, டெக்கா மூன்றும் அங்கே இருக்கின்றன. பதிவு செய்த நாள், ஊர், எத்தனை முறை எடுத்தார்கள் என்பதெல்லாம் நிறுவனப் பேரேடுகளிலிருந்தே தொகுத்திருக்கிறார்கள். என் பட்டியலின் முதுகெலும்பு இதுதான். மாலைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மூன்று வாரத்தில் மூன்று தலைவர்களையும் முடிக்கலாம்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'நேஷனல் ஜூக்பாக்ஸ்' பக்கத்தில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அருமையான சேகரிப்புதான், ஆனால் பெரும்பாலும் 1925 வரையிலான பதிவுகள். நமது காலத்துக்கு அது உதவாது.

4. பதிவான நாள் வேறு, வெளியான நாள் வேறு

1942 ஆகஸ்ட் 1 முதல் தன் உறுப்பினர்கள் தட்டுப் பதிவுகளில் வாசிக்க அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் தடை விதித்தது. டெக்கா 1943 செப்டம்பரில் சங்கத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது. கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பர் வரை இழுத்தன. ஃபாரஸ்ட் 1943 இறுதியில் ஜேம்ஸை விட்டு விலகினார். ஆக, புகழின் உச்சியில் இருந்த அந்தக் கடைசி 17 மாதங்களில் அவர் ஜேம்ஸ் குழுவோடு ஒரு வணிகத் தட்டுக்குக்கூடப் பாடவில்லை. இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

ஆனால் 1943-இல் அவர் குரல் நாடெங்கும் கேட்டது. எப்படி? கையிருப்பில் இருந்ததை வெளியிட்டார்கள். நான் சொன்ன 36668 தடைக்கு முந்தைய நாள், 1942 ஜூலை 31 அன்று பதிவானது. 1943-இல் பில்போர்ட் இசை வணிக இதழின் விற்பனைப் பட்டியலில் 13 வாரம் முதலிடத்தில் இருந்தது. குட்மனுக்காக 1940-இல் பாடிய காதல் பாட்டு ஒன்றும் 1943-இல் மறுபடி வெளியாகி உச்சிக்குப் போனது. வெளியீட்டு ஆண்டை மட்டும் பார்த்தால், அவர் 1943-இல் குட்மனிடம் இருந்தார் என்று எழுதிவிடுவீர்கள். அட்டவணையில் இரண்டு தேதிகளுக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள்.

தடைக் காலத்து இடைவெளியை நிரப்ப மூன்று வழிகள் உண்டு. ஒன்று, வானொலி ஒலிபரப்புகளிலிருந்து எடுத்த பதிவுகள். 1942 செப்டம்பரில் இன்னொரு குழுத்தலைவரான கிளென் மில்லர் ராணுவத்துக்குப் போனபோது செஸ்டர்ஃபீல்ட் சிகரெட் நிகழ்ச்சி ஜேம்ஸுக்கு வந்தது. அதிலிருந்து பாடல்கள் மிஞ்சியிருக்கின்றன. இரண்டு, 1943 அக்டோபர் முதல் படைவீரர்களுக்கென்று அனுப்பப்பட்ட 'வி டிஸ்க்' தட்டுகள். மூன்று, திரைப்படங்கள். தடை தட்டுகளுக்குத்தான், படங்களுக்கு இல்லை. 1942-இல் வந்த 'ஸ்பிரிங்டைம் இன் தி ராக்கீஸ்' படத்திலும், 1944-இல் வந்த 'டூ கேர்ள்ஸ் அண்ட் எ செய்லர்', 'பேதிங் பியூட்டி' படங்களிலும் அவரை ஜேம்ஸ் குழுவோடு பார்க்கலாம், கேட்கலாம்.

5. கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள்

பட்டியல் கையில் வந்ததும் நான் செய்த சிறு வேலை இது. ஒவ்வொரு பாட்டிலும் குரல் எந்த நொடியில் நுழைகிறது, எந்த நொடியில் விலகுகிறது என்று எழுதினேன். ஷா, குட்மன் பதிவுகளில் பெரும்பாலும் குழு முதலில் வாசித்து முடிக்கும். பிறகு பாடகி எழுந்து நடுவில் ஒரு சுற்றுப் பாடுவார், உட்கார்ந்துவிடுவார். மீதி குழுவுக்கு. ஜேம்ஸிடம் சேரும்போது ஃபாரஸ்ட் ஒரு நிபந்தனை வைத்தார்: நடுவில் ஒரு சுற்று போதாது, பாட்டின் அமைப்பே தன் குரலைச் சுற்றி இருக்க வேண்டும். ஜேம்ஸ் ஒப்புக்கொண்டார். அந்தக் குழுவில் ஏற்கெனவே வயலின்களும் இருந்தன. 1941 இறுதிக்குப் பிறகான தட்டுகளில் குரலுக்குக் கிடைத்த நேரம் கூடுவதை உங்கள் தாளிலேயே காண்பீர்கள். ஒரு மனுஷி தன் தொழிலில் தனக்கென்று கேட்டு வாங்கிய இடம் அந்த நொடிக் கணக்கில் இருக்கிறது. இதற்குச் செலவு எதுவும் இல்லை, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

6. இணைய ஒலித்தளங்களில் ஏமாறாதீர்கள்

ஒலித்தளங்களில் தட்டினால் ஒரே பாட்டு ஐந்தாறு முறை வரும். அருகில் 2003, 2011 என்று ஆண்டு போட்டிருக்கும். அது மறுவெளியீட்டு ஆண்டு. இதைவிடப் பெரிய சிக்கல், 1956-இல் கேபிடல் நிறுவனத்துக்காக அவர் தமது பழைய பாடல்களை மறுபடி பாடிய நீள்தட்டு (எல்.பி.). அந்தப் பதிவுகளும் மூலப் பதிவுகளும் தொகுப்புகளில் கலந்து கிடக்கின்றன. ஒலி மிகத் தெளிவாகவும் இரைச்சலின்றியும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பாட்டின் நீளத்தைத் தரவுத்தளத்திலிருந்தோ உங்கள் தட்டிலிருந்தோ ஒப்பிட்டால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

'முதலிடம் பிடித்த பாடல்' என்ற சொற்றொடரையும் ஆராயாமல் எழுதாதீர்கள். பில்போர்ட் நாடு தழுவிய சில்லறை விற்பனைப் பட்டியலைத் தொடங்கியது 1940 ஜூலையில்தான். அதற்கு முந்தைய ஷா பாடல்களுக்கு நீங்கள் காணும் எண்கள் பின்னாளில் பல மூலங்களைக் கூட்டிக் கணித்தவை. அவற்றைத் தனி நிறத்தில் குறியுங்கள்.

7. ஆவணங்கள்: எங்கே, எவ்வளவு, எத்தனை நாள்

பில்போர்ட், டவுன்பீட் இதழ்களின் பழைய பக்கங்கள் 'வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் இசைக்குழுக்கள் எந்த வாரம் எந்த ஊரில் என்ற பயணப் பட்டியல் வரும். குழு இருந்த இடத்தில் பாடகியும் இருந்தார் என்று கொண்டால், அவருடைய நாட்குறிப்பையே வாரம் வாரமாக எழுதிவிடலாம். நாடாளுமன்ற நூலகத்தின் 'குரானிக்கிளிங் அமெரிக்கா' செய்தித்தாள் சேகரிப்பும் இலவசம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் அமெரிக்காவில் 72 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்படும். 1920, 1930, 1940 கிடைக்கும். 1950 தாள்கள் 2022 ஏப்ரல் 1 முதல் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். 1960 தாள்களுக்கு 2032 வரை காத்திருக்க வேண்டும். 'ஃபேமிலிசர்ச்' தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினாலே பெரும்பாலானவற்றைப் பார்க்கலாம்.

கட்டணச் செய்தித்தாள் தளங்களில் 7 நாள் இலவசம் என்று சேர்த்துக்கொள்வார்கள். ரத்து செய்ய மறந்தால் பணம் எடுத்துவிடுவார்கள். எனக்கு ஆறு மாதச் சந்தா ஒரே நாளில் போயிற்று. தேட வேண்டியவற்றை முன்பே பட்டியல் போட்டுக்கொண்டு, ஒரு வாரத்தில் முடித்துவிட்டு, அன்றே ரத்து செய்யுங்கள்.

அவருடைய தன்வரலாறு 1982-இல் வந்தது, இப்போது அச்சில் இல்லை. பழைய புத்தகக் கடைகளில் கேட்கும் விலையைப் பார்த்து மிரள வேண்டாம். உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் நூலகங்களுக்கிடையிலான இரவல் முறையில் கேளுங்கள். எனக்கு 19 நாளில் வந்தது, செலவு இல்லை. நினைவிலிருந்து சொன்ன தேதிகளைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடாமல் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்லும் மனிதர்களையும் மனநிலையையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

காப்பகங்களுக்கு எழுதும்போது 'ஃபாரஸ்ட் பற்றி என்ன இருக்கிறது' என்று கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்ட ஓரிடத்திலிருந்து பதில் வர 11 வாரம் ஆயிற்று, பதிலும் ஒரு வரிதான். நெவார்க்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களுக்கு எழுதும்போது ஆண்டு, குழு, நிகழ்ச்சி மூன்றையும் குறித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

8. தட்டு வாங்குவதென்றால்

ஜேம்ஸ், ஷா தட்டுகள் லட்சக்கணக்கில் அச்சானவை, அரியவை அல்ல. நான் வாங்கியவை 2 முதல் 8 டாலருக்குள். 30 டாலர் கேட்பவரிடம் பேரம் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். தபால் செலவுதான் தட்டைவிட அதிகம். இந்தத் தட்டுகள் ஷெல்லாக் என்ற பிசினால் ஆனவை, கண்ணாடியைப் போல உடையும். இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே வைத்து, பெட்டிக்குள் பெட்டியாக அனுப்புவீர்களா என்று பணம் கட்டுமுன் எழுதிக் கேளுங்கள். ஒருவர் வெறும் உறையில் போட்டு அனுப்பியதில் மூன்று தட்டுகள் சில்லுகளாக வந்து சேர்ந்தன. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து வரவழைப்பவர்கள் சுங்க வரியையும் கணக்கில் சேருங்கள். என் கருத்தில் அங்கிருப்பவர்களுக்குக் குறுந்தட்டுத் தொகுப்புகளே மேல்.

கருவியில் நிமிடத்துக்கு 78 சுற்று வேகம் இருக்கிறதா என்று பாருங்கள். நீள்தட்டு ஊசியை இதில் வைக்காதீர்கள். பள்ளம் அகலமானது, அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள தனி ஊசி வேண்டும். ஆல்கஹால் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள், ஷெல்லாக் கரைந்துவிடும். இளஞ்சூட்டு நீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் மென்மையான துணியும் போதும். லேபிளில் மட்டும் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தச் சிறிய எழுத்துப் பெயர் முதலில் அழிந்துவிடும்.

9. பகிர்வதற்கு முன் உரிமை

பழைய தட்டுதானே என்று முழுப் பாட்டையும் இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2018-இல் வந்த சட்டப்படி 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டு பாதுகாப்பு. 1938-இல் வெளியான ஷா தட்டு 2039 ஜனவரி 1 அன்றுதான் பொதுவுடைமையாகும். கணக்கு வெளியீட்டு ஆண்டிலிருந்து தொடங்குகிறது, பதிவான ஆண்டிலிருந்து அல்ல. 4-ஆம் பகுதியில் இரண்டு பத்தி வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஐரோப்பாவில் 1962 வரை வெளியானவற்றின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது, அதனால்தான் அங்கிருந்து இத்தனை தொகுப்புகள் வருகின்றன. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு.

ஆனால் பாட்டும் மெட்டும் வேறு உரிமை. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிய வேண்டும். 36668-க்கு மெட்டமைத்த ஜூல் ஸ்டைன் 1994-இல் இறந்தார், வரிகள் எழுதிய சாமி கான் 1993-இல். எனவே நான் ஒலியை ஏற்றவில்லை. தேதிகள், மேட்ரிக்ஸ் எண்கள், நொடிக் கணக்கு, லேபிள்களின் படங்கள் இவற்றை மட்டுமே நண்பர்களுக்குக் கொடுக்கிறேன். என் அட்டவணையில் முதல் பத்தியில் ஹெலன் ஃபாரஸ்ட், குழுத்தலைவரின் பெயர் நான்காவது பத்தியில்.